இடது கட்டைவிரலுக்கும் இடம் கேட்ட கோவிந்தராசு

தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் நெல்லித்தோப்பு வணிகர் சங்கத் தலைவர் திரு. சக்கரபாணி அவர்களே! எங்கள் விசைப்பலகைக் குழுவின் மென்பொருள் பொறியாளர், மூலக்குளம் மதிவாணன் அவர்களே! ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டு, கடைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே! தேங்காய்த்திட்டு மீன் ஏலத்திலிருந்து, கூடையை இறக்கி வைத்த கையோடு வந்திருக்கும் சகோதரிகளே! முன்வரிசையில் உட்கார்ந்து, பேச வருகிற ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் என் தங்கை போன்ற அன்னக்கிளியே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் சுலோசனா. அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்துமூன்று ஆண்டுகள் தட்டச்சுப் பிரிவில் வேலை பார்த்து, அதன் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள். மேடையில் பேசி எனக்குப் பழக்கமில்லை. கோபமாகப் பேசித்தான் பழக்கம். இந்தக் கூடத்தில் இருப்பவர்களில் பாதிப்பேர் என்னிடம் திட்டு வாங்கியவர்கள். அவர்கள் எல்லோரையும்விட அதிகம் வாங்கியவர், பதினைந்து நாளைக்கு முன் நம்மை விட்டுப் போன கோவிந்தராசு அவர்கள். அதற்காகத்தான் அவருடைய மனைவி அன்னக்கிளி, "நீங்கதான் பேசணும்" என்று என்னைப் பிடித்து நிறுத்தியிருக்கிறாள் போலிருக்கிறது.

வெளியே வைத்திருக்கும் பேனரைப் பார்த்தேன். "கைபேசித் தமிழின் தந்தை" என்று போட்டிருக்கிறீர்கள். நல்ல எண்ணத்தில் போட்டதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "என்னா தலைவரே, போன் கடைக்காரனைப் போய் தந்தைன்றீங்க, வூட்டுல சிரிப்பாங்க" என்றிருப்பார். அவர் போன் கடைக்காரர்தான். அந்தப் பட்டத்தைத் தவிர வேறு எந்தப் பட்டத்தையும் அவர் தன் வாயால் சொல்லிக்கொண்டதில்லை.

மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடிய பிறகு நெல்லித்தோப்பில் நாலடிக்கு ஆறடி கடை ஒன்றைப் பிடித்து, போன் பழுது பார்க்க உட்கார்ந்தார். உடைந்த டிஸ்ப்ளே மாற்றுவார், சார்ஜர் குத்துகிற இடத்தைச் சுத்தம் செய்வார், திரையைக் காக்க மேலே டெம்பர் கிளாஸ் ஒட்டுவார். இதை ஊரில் நூறு பேர் செய்கிறார்கள். அப்படியானால் நாம் ஏன் இன்று இங்கே கூடியிருக்கிறோம்?

அவர் ஒரு வேலை செய்தார், அதை அந்த நூறு பேரும் செய்யவில்லை. பழைய டெம்பர் கிளாஸை உரித்தவுடன் எல்லோரும் குப்பையில் போடுவார்கள். இவர் போடமாட்டார். வாசல் வெளிச்சத்துக்கு நேராக, சாய்த்துப் பிடித்துப் பார்ப்பார். கண்ணாடியின் மேல் ஒரு பூச்சு இருக்கும். விரல் எங்கே அதிகமாகப் படுகிறதோ அங்கே அது தேய்ந்திருக்கும். அந்தத் தேய்மானத்தைப் பார்ப்பார். பிறகு வாடிக்கையாளரிடம் கேட்டு, அந்தக் கண்ணாடியை ஓர் அட்டையில் ஒட்டி, அவர் என்ன வேலை செய்கிறார் என்று பக்கத்தில் எழுதி, ஒரு பிஸ்கட் பெட்டியில் அடுக்குவார். "இது என்னாத்துக்கு அண்ணே?" என்று கேட்டால், "விரல் எங்க போவுதுன்னு பாக்கறேன், எழுத்து அங்க இல்லயே" என்பார்.

கேட்டீர்களா? எழுத்து அங்கே இல்லை! இதைக் கண்டுபிடிக்க ஒரு பல்கலைக்கழகம் தேவைப்படவில்லை, நாலடிக்கு ஆறடி கடை போதுமாயிருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே வந்திருக்கும் உறவினர்களில் சிலருக்கு அவர் என்னதான் செய்தார் என்று இன்னும் தெரியாது. தட்டச்சுப் பொறி பத்து விரலுக்குச் செய்தது. கணினியும் பத்து விரலுக்குச் செய்தது. அதனால் கணினியில் உயிர் எழுத்தை ஒரு கைக்கும் மெய் எழுத்தை மறு கைக்கும் பிரித்து வைத்தார்கள், அது சரி. பிறகு போன் வந்தது. அந்தப் பெரிய பலகையை அப்படியே சுருக்கிப் போனுக்குள் வைத்தோம். நாம் போனை எப்படி அடிக்கிறோம்? ஒரு கையில் பையோ குழந்தையோ பஸ் கம்பியோ இருக்கும். இன்னொரு கையில் போன் இருக்கும். அடிப்பது ஒரே ஒரு கட்டைவிரல்! பத்து விரலுக்குப் போட்ட பாதையில் ஒற்றை விரலை ஓடவிட்டோம். அது ஓடிக் களைத்தது. களைத்தவர்கள் என்ன செய்தார்கள்? தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தார்கள். இல்லையென்றால் குரலில் பேசி அனுப்பினார்கள். அதுவும் முடியாதவர்கள் கட்டைவிரல் பொம்மையை அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்தார்கள்.

நான் அவரை முதலில் பார்த்தது என் போன் விழுந்து கண்ணாடி விரிசல் விட்ட அன்று. உரித்தார், வெளிச்சத்தில் பிடித்தார், என்னைப் பார்த்தார். "மேடம் டைப்பிஸ்ட்டா? ரெண்டு கையாலயும் அடிக்கறீங்க" என்றார். எனக்கு எரிச்சல். முன்பின் தெரியாத ஆள் என் போனைப் பார்த்து ஜாதகம் சொல்கிறானே என்று. "ஆமாம், அதற்கென்ன?" என்றேன். "உங்கள மாதிரி அடிக்கறவங்க என் பெட்டியில பதினோரு பேருதான் மேடம். மத்தவங்க எல்லாம் ஒத்தை விரலு. அவங்களுக்கு எழுத்தை மாத்தி வைக்கணும்" என்றார். வந்ததே எனக்குக் கோபம்! எழுத்தை மாற்றி வைக்க நீ யார்? வல்லுநர்கள் உட்கார்ந்து வகுத்தது, ஆயிரக்கணக்கான பேர் பரீட்சை எழுதிப் பழகியது, அதைப் போன் கடையில் உட்கார்ந்து கலைத்துப் போடுவாயா? கடைவாசலில் நின்று கால் மணி நேரம் கத்தினேன். அவர் கண்ணாடியை ஒட்டிக் கொடுத்துவிட்டு, "விடிகாலையில எழுந்திருப்பீங்களா மேடம்? தேங்காய்த்திட்டு வாங்க, ஒண்ணு காட்றேன்" என்றார்.

போனேன். வீம்புக்குத்தான் போனேன்.

மீன் ஏலம் நடக்கும் இடத்தில் நின்றிருக்கிறீர்களா? ஒருவர் கத்துவது அடுத்தவருக்குக் கேட்காது. அங்கேதான் கன்னியம்மாளை எனக்குக் காட்டினார். மீன் எடுத்து ஓட்டல்களுக்குக் கொடுக்கிறவர். என்ன மீன் வந்திருக்கிறது, எத்தனை கிலோ என்று ஓட்டல்காரருக்கு உடனே சொல்ல வேண்டும். குரல் பதிவு அனுப்பினால் ஏலச் சத்தம்தான் போகிறது. எழுதி அனுப்பலாம் என்றால் எழுத்து தேடுவதற்குள் மீன் கைமாறிவிடுகிறது. கன்னியம்மாள் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வியை இன்னும் மறக்கவில்லை. "எனக்கு ஏபிசிடி தெரியாது மேடம். தமிழ் தெரியும், அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கேன். தமிழ் படிச்சவ தமிழ்ல எழுத முடியலன்னா, அப்புறம் என்னாத்துக்குப் படிச்சேன்?"

முப்பத்துமூன்று வருஷம் தமிழை அடித்தவளைப் பார்த்து இந்தக் கேள்வி! அன்றே அந்த விசைப்பலகைக் குழுவில் சேர்ந்தேன். குழு என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். கோவிந்தராசு, மதிவாணன், நான். கடை, கம்ப்யூட்டர், காகிதம். காகிதம் என் பொறுப்பு.

இந்த இடத்தில் நான் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

காகிதம் என் பொறுப்பு என்றேன் அல்லவா? பிஸ்கட் பெட்டியில் கண்ணாடியை அடுக்கி வைப்பதெல்லாம் ஓர் ஆராய்ச்சியா என்று கேட்டு, நான் ஒரு படிவம் தயாரித்தேன். பெயர், வயது, தொழில், படிப்பு, கைப்பழக்கம், கையொப்பம். கைப்பழக்கம் என்ற இடத்தில் ஒரு கேள்வி வைத்தேன்: "எந்தக் கையால் எழுதுவீர்கள்?" அலுவலகத்தில் எல்லாப் படிவமும் நான்தான் தயாரிப்பேன், ஒருநாளும் ஒருவரும் தப்புச் சொன்னதில்லை. கண்ணாடி கொடுத்தவர்களை எல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எழுதி வாங்கினேன். நானூற்றுப் பன்னிரண்டு படிவங்கள். இடது கைப்பழக்கம் உள்ளவர்கள் முப்பத்தொரு பேர்.

கோவிந்தராசு பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "மேடம், ஃபாரம் ஒண்ணு சொல்லுது, கண்ணாடி வேற சொல்லுது. எடது பக்கம் தேஞ்ச கண்ணாடி நிறைய இருக்குது. எடது கட்டைவிரலுக்கும் ஒண்ணு போடணும். வலதும் எடதும் சேத்தே வெளிய உடுவோம்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கையெழுத்துப் போட்ட படிவம் இருக்கும்போது தேய்ந்த கண்ணாடி என்ன சாட்சி? முப்பத்தொரு பேருக்காக முந்நூற்று எண்பத்தொரு பேரைக் காக்க வைப்பீர்களா?" என்றேன். கன்னியம்மாள் பெயரை எடுத்தார். "அவங்க கூட..." என்று ஆரம்பித்தார். கன்னியம்மாளின் படிவத்தை எடுத்து முன்னால் வைத்தேன். வலது என்று அவரே சொல்லிக் கையெழுத்துப் போட்டிருந்தார். கோவிந்தராசு அதைப் பார்த்தார், பெட்டியை மூடினார், "சரி மேடம், படிச்சவங்க சொல்றீங்க" என்று எழுந்து போனார்.

இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் சொல்வது வழக்கம். நான் ஒரு குறையைச் சொல்கிறேன், அன்னக்கிளி மன்னிக்க வேண்டும். அவருக்குத் தன் கண்ணின் மேல் நம்பிக்கை இருந்தது. ஆனால் படித்தவர் ஒருவர் குரலை உயர்த்தினால் அந்தக் கண்ணை மூடிக்கொள்வார். மில்லில் மேஸ்திரியிடம் பழகிய பழக்கமோ என்னவோ. என்னிடம் அவர் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. கூட்டக் குறிப்பில் "இடது கைக்கானது பின்னர் பார்க்கப்படும்" என்று என் கையால் எழுதினேன்.

வலது கட்டைவிரல் விசைப்பலகை வெளியே வந்தது. அடிக்கடி வரும் எழுத்துகள் எல்லாம் வலது கட்டைவிரல் சுற்றும் வளைவுக்குள் இருந்தன. நல்ல பெயர் வாங்கியது, இல்லை என்று சொல்லமாட்டேன். சக்கரபாணி அவர்கள் சங்கத்தின் சுற்றறிக்கை முழுவதையும் ஆட்டோவில் போகும்போதே அடித்து அனுப்பினார். கன்னியம்மாளை என் வீட்டுக்கு வரவழைத்து, டீ கொடுத்து, நாற்காலியில் உட்காரவைத்து அடிக்கச் சொன்னேன். "வஞ்சிரம் பன்னெண்டு கிலோ" என்று அழகாக அடித்தார். "எப்படி இருக்கிறது?" என்றேன். "நல்லாருக்குது மேடம்" என்றார். அதையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

போன மாசி மாதம் கோவிந்தராசு அவர்கள் கடையில் உட்கார்ந்திருந்தபோதே சாய்ந்தார். பக்கவாதம். உயிர் பிழைத்தது. வலது கையும் வலது காலும் போயின, பேச்சு போயிற்று. நினைவு போகவில்லை. நாம் பேசுவதெல்லாம் புரிந்தது, படிக்க முடிந்தது, சொல்ல மட்டும் முடியவில்லை. மூன்று வாரம் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இடது கையில் பென்சில் கொடுத்துப் பார்த்தோம், கிறுக்கல்தான் வந்தது. அன்னக்கிளி போனைக் கையில் கொடுத்தாள். படுத்தபடியே இடது கையால் பிடித்தார். அவர் வகுத்த விசைப்பலகை! அவருடைய நான்கு வருஷ உழைப்பு! எழுத்தெல்லாம் வலது ஓரத்தில் இருந்தது. அவருடைய இடது கட்டைவிரல் அங்கே எட்டவில்லை. எட்டி எட்டிப் பார்த்தார். போன் நழுவி அவர் நெஞ்சின் மேலேயே விழுந்தது.

நான் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்காகத்தான் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். நான் வெளியே வந்து சந்தில் நின்று அழுதேன். என் கணவர் இறந்தபோதுகூட நான் சந்தில் நின்று அழுதவள் இல்லை.

மதிவாணன் ஒரே மாலையில் எழுத்தையெல்லாம் வலதிலிருந்து இடதுக்குத் திருப்பிப் போட்டுக் கொண்டுவந்தார். முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவல மாற்றம். அதுவும் சரிப்படவில்லை. கோவிந்தராசு தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு ஆணியில் மாட்டியிருந்த கடைச் சாவியைக் காட்டினார். அன்னக்கிளி எடுத்துக் கொடுத்தாள். போய்க் கடையைத் திறந்தோம், பிஸ்கட் பெட்டியைக் கீழே இறக்கினோம்.

என் படிவத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, முதல்முறையாக அந்தக் கண்ணாடிகளை நானே கையில் எடுத்தேன். அவர் செய்கிற மாதிரி வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். ஒவ்வொன்றாக. நானூற்றுப் பன்னிரண்டையும். இடது பக்கம் தேய்ந்தவை எத்தனை தெரியுமா? முப்பத்தொன்று இல்லை. நூற்று முப்பத்தொன்பது!

யார் இவர்கள்? இடது கைப்பழக்கம் உள்ளவர்களா? இல்லை! வலது கையில் வேலை இருப்பவர்கள்! கத்தி பிடிக்கிறவர், கரண்டி பிடிக்கிறவர், கத்தரிக்கோல் பிடிக்கிறவர். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் பழைய சிப்பாய், நம் ஊர் பாஷையில் சொல்தா, ஒருவர், வலது கையில் கைத்தடி ஊன்றி நடக்கிறவர். அவர்கள் எல்லோரும் வலது கையால்தான் எழுதுவார்கள். என் படிவத்தில் உண்மையைத்தான் சொல்லியிருந்தார்கள். நான் கேட்ட கேள்விதான் தப்பு. எந்தக் கையால் எழுதுவீர்கள் என்று கேட்டேனே தவிர, எந்தக் கையால் போனை அடிக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. பேனா பிடித்தே பிழைத்தவளுக்கு வேறு என்ன கேட்கத் தோன்றும்? அதிலும் அவர்கள் போனைக் கீழே சுண்டுவிரலில் தாங்கிப் பிடிப்பதால் தேய்மானம் கொஞ்சம் மேலே ஏறி இருந்தது. அதனால்தான் நேராகத் திருப்பிப் போட்டது பொருந்தவில்லை.

அந்தப் பெட்டியில் கன்னியம்மாளின் கண்ணாடியும் இருந்தது. இடது பக்கம் தேய்ந்திருந்தது. தேங்காய்த்திட்டில் அவரை நான் நேரில் பார்த்தவள், அவர் கையில் போன் இருந்ததையும் பார்த்தவள். எந்தக் கை? எனக்குப் பதியவே இல்லை. மறுநாள் காலை போய்க் கேட்டேன். மீனை வலது கையில் தூக்கிக் காட்டிக்கொண்டே சொன்னார்: "ஏலத்துல இந்தக் கை எங்க மேடம் சும்மா இருக்குது? எடது கையிலதான் அடிப்பேன். ஒண்ணு ரெண்டு எழுத்து எட்டாது, உட்டுருவேன், ஓட்டல்காரரே புரிஞ்சிக்குவாரு."

"அன்றைக்கு நல்லாருக்குது என்றீர்களே?" என்றேன்.

"அண்ணன் ஆசை ஆசையா செஞ்சு குடுத்தாரு. நீங்க வேற டீயெல்லாம் குடுத்து உக்கார வச்சீங்க. எப்படி மேடம் மூஞ்சிக்கு நேரா சொல்றது?"

அய்யோ! ஒரு வருஷம்! அந்த மனிதர் ஒரு வருஷம், கன்னியம்மாளுக்குப் பயன்படுகிறது என்று நம்பிக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தார். நாம் எல்லோரும் மரியாதைக்காக நல்லாருக்குது, நல்லாருக்குது என்று சொல்லிச் சொல்லியே அவரை ஏமாற்றிவிட்டோம்.

இடது கட்டைவிரல் விசைப்பலகை ஆடி மாதம் முடிந்தது. கண்ணாடி காட்டிய இடத்தில் எழுத்து வைத்தோம். மதிவாணன் அவர் கையில் போனைக் கொடுத்தார். அன்னக்கிளியும் நானும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றோம். ஐந்து மாதமாகப் பேசாத மனிதர் முதலில் என்ன சொல்வார்? மனைவி பெயரைச் சொல்வாரா, கடவுள் பெயரைச் சொல்வாரா? மெதுவாக அடித்தார். திருப்பிக் காட்டினார்.

"ஃபேன் நட்டு லூசு."

அவ்வளவுதான்! தலைக்கு மேலே அந்த ஃபேன் இத்தனை நாளும் டக்கு டக்கு என்று அடித்துக்கொண்டிருந்தது. பழுது பார்க்கிறவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும்! அவர் விரலை மேலே காட்டும்போதெல்லாம், குளிருகிறது என்று நினைத்து அன்னக்கிளி ஃபேனை நிறுத்திவிடுவாள். அவர் வேர்வையில் கிடப்பார். வேர்க்கிறதே என்று மறுபடி போடுவாள். அது மறுபடி அடிக்கும். இரண்டாவது வரி அடித்தார்: "சோறு கொழைய வேணாம்." அன்னக்கிளி சிரித்தாள், சிரித்துக்கொண்டே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் என்னா செய்யறேன் ஏது செய்யறேன்னே தெரியாம செஞ்சிருக்கேன் அக்கா" என்றாள். மதிவாணன் ஸ்டூலைப் போட்டு ஏறி நட்டை முடுக்கினார்.

அதற்குப் பிறகு பத்தொன்பது நாள். அந்தப் பத்தொன்பது நாளும் அவர் பேசினார். அன்னக்கிளியோடு சண்டை போட்டார். பழைய வாடிக்கையாளர்களுக்கு விசாரித்து எழுதினார். ஒருநாள் நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "என் படிவம்தான் தப்பு கோவிந்தராசு. உங்கள் பேச்சை நான் கேட்டிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன். இந்த வார்த்தையை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை. அவர் போனை எடுத்து ரொம்ப நேரம் அடித்தார்.

"மன்னிப்பு எல்லாம் எதுக்கு மேடம். கன்னியம்மாவுக்கு போட்டு குடுத்தீங்களா?"

போட்டுக் கொடுக்கவில்லை. ஏன்? நான் ஒரு வெளியீட்டு விழா யோசித்துக்கொண்டிருந்தேன். கூடம் பிடித்து, அழைப்பிதழ் அடித்து, முறையாக வெளியிட வேண்டும் என்று. "அடுத்த வாரம் விழா, அப்போது கொடுத்துவிடலாம்" என்றேன். இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டார். அதையே சொன்னேன். மூன்றாவது முறை கேட்டது ஒரு வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை காலை இரண்டாவது முறையாகப் பக்கவாதம் வந்தது. போய்விட்டார்.

இதற்கு நான் யாரைத் திட்டுவேன்?

நெல்லித்தோப்பின் கோவிந்தராசு அவர்களே! மக்கள் வாயால் சொல்வதைவிட அவர்கள் விரல் சொல்வதை நம்பியவரே! படித்தவர்கள் வகுத்தது ஒருபோதும் மாறாது என்று நாங்கள் இருந்தபோது, கிலோ கணக்கில் மீன் விற்கும் ஒரு பெண்ணுக்கு எழுத்து எட்டவில்லை என்பதற்காக எழுத்துகளையே இடம் மாறி உட்காரச் சொன்னவரே! உங்களை இழந்து நிற்கிறோம். எங்களுக்கு இது பேரிழப்பு. எனக்கு இது அதற்கும் மேல், அதை இந்த மேடையில் சொல்லத் தெரியவில்லை.

அன்பானவர்களே! தலைவர் சக்கரபாணி அவர்கள் ஓர் உறுதிமொழியை அச்சடித்து என் கையில் கொடுத்திருக்கிறார். "அன்னாரின் பணியைத் தொய்வின்றித் தொடர்வோம் என உறுதி ஏற்கிறோம்" என்று இருக்கிறது, கீழே எல்லோரும் கையெழுத்துப் போட இடமும் விட்டிருக்கிறார். தலைவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. இதை நான் வாசிக்கப் போவதில்லை. கையெழுத்து வாங்கி வாங்கித்தான் நான் கெட்டேன்.

அவர் போன மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் நான் தேங்காய்த்திட்டுக்குப் போனேன். விழா இல்லை, அழைப்பிதழ் இல்லை. கன்னியம்மாள் போனில் அந்த விசைப்பலகையைப் போட்டுக் கொடுத்தேன். கை கழுவவிடவில்லை, நாற்காலியில் உட்காரவைக்கவில்லை, டீ வாங்கிக் கொடுக்கவில்லை. "நல்லாருக்குதுன்னு மட்டும் எனக்கு எழுதாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். பதின்மூன்று நாள் ஒன்றும் வரவில்லை. இன்று காலை, ஏலம் நடக்கிற நேரத்தில் வந்தது. வாசிக்கிறேன்.

"மேடம் க எட்டுது ர எட்டுது புள்ளி எட்டுது. அழிக்கறது எட்டல. கூடையோட சாஞ்சு அடிக்க வேண்டியதா இருக்குது. அண்ணன் இருந்தா சொல்லி இருக்க மாட்டேன். மாத்துங்க."

கதவோரம் நின்றுகொண்டிருக்கிறீர்களே கன்னியம்மா, தலையைக் குனியாதீர்கள்! இத்தனை பேர் இங்கே வந்து இத்தனை புகழ்ந்தோமே, அந்த மனிதருக்கு வேண்டியதைக் கொடுத்தது நீங்கள் ஒருவர்தான். மதிவாணன் மத்தியானமே வேலையை ஆரம்பித்துவிட்டார். செவ்வாய்க்கிழமை ஏலத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். நீங்கள் பாட்டுக்கு மீனைத் தூக்குங்கள், கூவுங்கள். நாங்கள் ஓரமாக நின்று உங்கள் இடது கையைப் பார்க்கிறோம்.

மாற்றித் தருகிறோம், கன்னியம்மா.